மறுபடி கற்க யார் சம்பளம் தருவது?

பெங்களூரு ஸ்ரீராம்புரத்தில் மெட்ரோ ஏறினால் அடுத்த நிறுத்தம் மந்திரி மால். 2010-இல் திறந்த அந்த மால், பழைய ராஜா மில் இருந்த இடத்தில் எழும்பியது. ராஜா மில், பின்னி மில், மினர்வா மில்: ஸ்ரீராம்புரம், ஓக்களிபுரம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறையாக இவற்றின் சங்கொலிக்கு எழுந்து பிழைத்தவை. மினர்வா மில்லின் பெயர் சட்டக் கல்லூரி மாணவர் எல்லோருக்கும் தெரியும். அரசியல் சட்டத்தின் அடிப்படைக் கட்டமைப்பில் நாடாளுமன்றம் கைவைக்க முடியாது என்று உறுதி செய்த 1980-ஆம் ஆண்டுத் தீர்ப்பு அந்த மில்லின் வழக்கில்தான் வந்தது. அங்கே தறி ஓட்டியவர்கள் வேலை போன பிறகு என்ன ஆனார்கள் என்பதற்குப் பாடப்புத்தகம் இல்லை.

நடுவயதில் தொழில் மாறுவது என்றதும், ஐ.டி. வேலையை உதறிவிட்டு இயற்கை விவசாயத்துக்குப் போனவரின் பேட்டியைத்தான் பத்திரிகைகள் போடுகின்றன. மில் தொழிலாளியிடம் மாறுகிறாயா என்று யாரும் கேட்கவில்லை. விருப்ப ஓய்வுக்கான வி.ஆர்.எஸ். பணம் கைக்கு வந்தது. கடனுக்கும் கல்யாணத்துக்கும் கரைந்தது. பிறகு ஆட்டோ, வாட்ச்மேன் வேலை, பெயிண்டிங். இருபது வருடம் நூலின் முறுக்கை விரலால் அறிந்த கைக்கு வேறொரு தொழிலைக் கற்றுக்கொள்ளும் திறமை இல்லாமலா போயிருக்கும்? கற்கும் காலத்தில் வீட்டில் அடுப்பெரிய வழியில்லை. அதுதான் தடை.

அரசுக்கு இது தெரியாமல் இல்லை. வேலையிழப்போருக்கு மறுபயிற்சி தருவதையும் நோக்கமாகக் கொண்டு 1992-இல் தேசியப் புதுப்பிப்பு நிதியம் தொடங்கப்பட்டது. அதன் பெரும்பகுதி வி.ஆர்.எஸ். தொகையாகவே போனது, 2000-இல் நிதியமே கலைக்கப்பட்டது. வெளியே போகப் பணம் தந்தோம், கற்கத் தரவில்லை.

இன்றும் பெரிய மாற்றமில்லை. பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் குறுகிய காலப் பயிற்சிக்கு வயது வரம்பு 45. புதிய தொழிலுறவுச் சட்டத்தொகுப்பு, ஆட்குறைப்புக்கு உள்ளாகும் தொழிலாளியின் மறுபயிற்சிக்கென முதலாளி கட்ட வேண்டிய தொகையை 15 நாள் கூலி என்று நிர்ணயிக்கிறது. ஐ.டி.ஐ.-யில் எலக்ட்ரீஷியன் படிப்புக்கு 2 ஆண்டு!

சிங்கப்பூர் 2024-இல் 40 வயதைத் தொட்ட குடிமக்களுக்குப் பயிற்சிக் கட்டணத்துக்கென்று 4,000 வெள்ளி ஒதுக்கியது. 2025 முதல், தேர்ந்தெடுத்த முழுநேரப் படிப்புகளில் சேர்வோருக்கு முந்தைய வருமானத்தில் பாதியை, மாதம் 3,000 வெள்ளி வரை, அதிகபட்சம் 24 மாதங்களுக்குத் தருகிறது. பணக்கார நாடு என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் படிக்கிறவனுக்கும் சம்பளம் வேண்டும் என்ற கணக்கு ஏழை நாட்டுக்குத்தான் அதிகம் பொருந்தும்.

கர்நாடகத்தில் அதற்கு ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது. செயலி வழி உழைப்போருக்கான 2025-ஆம் ஆண்டுச் சட்டம், அவர்களுக்குத் தரும் ஊதியத்தில் 1 முதல் 5 விழுக்காடு வரை நிறுவனங்களிடம் நலக்கட்டணம் வசூலிக்க வழி செய்கிறது. மருத்துவம், விபத்து உதவிக்கு அடுத்தபடியாக, 40 வயதைக் கடந்த டெலிவரி ஊழியர் வேறு தொழில் கற்கும் மாதங்களுக்கான உதவித்தொகையையும் நல வாரியம் அந்த நிதியில் சேர்க்க வேண்டும். விதிகள் இறுகிப்போகுமுன் இதைக் கேட்க வேண்டியவை தொழிற்சங்கங்கள்.