திருட்டு முழி என்று ஒன்று கிடையாது

1/
"திருட்டு முழி முழிக்கிறா பாரு."

கடையில ஒருத்தரைப் பிடிச்சு நிறுத்தும்போது, சுத்தி நிக்கிற கூட்டத்துல யாராவது இதைச் சொல்லாம இருக்க மாட்டாங்க. தினமும் நோயாளிகளைப் பார்க்கிற டாக்டரா சொல்றேன்: திருட்டு முழின்னு ஒண்ணு மருத்துவத்துல கிடையவே கிடையாது. கொஞ்சம் நீளமான த்ரெட். பொறுமையா படிங்க.

2/
என்கிட்ட பல வருஷமா சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மருந்து எடுக்கிற ஒரு அம்மா. வயசு அறுபதுக்கு மேல. போன மாசம் ஒரு ஜவுளிக்கடையில பேத்திக்கு பிறந்தநாள் கவுன் எடுத்திருக்காங்க. பில் போட்டாச்சு, பணம் கட்டியாச்சு. வாசலைத் தாண்டும்போது மெஷின் கத்தியிருக்கு.

(அவங்க அனுமதியோடதான் எழுதுறேன். அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன்.)

3/
"பில் இருக்குப்பா"ன்னு சொல்லியும் கேட்கல. பையைப் பிடுங்கி எல்லார் முன்னாடியும் தரையில கொட்டியிருக்காங்க. அப்புறம் ஸ்டாக் ரூம். போனையும் வாங்கி வச்சுக்கிட்டாங்க. "நான்தான் எடுத்தேன்னு எழுதிக் கொடுத்துட்டு, பத்து மடங்கு கட்டிட்டுப் போ." வா, போன்னு ஒருமைப் பேச்சு. ரெண்டு மணி நேரம்.

மகன் தேடி வந்து பில்லை ஒவ்வொண்ணா சரிபார்த்தப்பதான் தெரிஞ்சுது, பில் கவுண்டர்ல கவுனோட டேகைக் கழட்ட மறந்துட்டாங்க. "சரி, கிளம்புங்கம்மா." அவ்வளவுதான். ஒரு ஸாரி கூட கிடையாது.

4/
மறுநாள் காலையில என் கிளினிக்ல அவங்க பிரஷர் 190/110. ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்ல. "எல்லாரும் பார்த்தாங்க டாக்டர்"னு திரும்பத் திரும்பச் சொன்னாங்க. அப்புறம் ஒரு கேள்வி கேட்டாங்க:

"நான்தான் தப்பே பண்ணலையே, அப்புறம் எனக்கு ஏன் டாக்டர் கை நடுங்குச்சு?"

கடைக்காரங்க அவங்ககிட்ட சொன்னதும் அதேதான். "தப்பு பண்ணலைன்னா ஏன் நடுங்குற?"

5/
பதில் ரொம்ப எளிது. அவமானமும் பயமும் வந்தா சில நொடிகள்ல அட்ரினலின் சுரக்கும். நெஞ்சு படபடக்கும். உள்ளங்கை வேர்க்கும். வாய் உலரும். குரல் உடையும். விரல் நடுங்கும். கண் அங்கயும் இங்கயும் அலையும்.

திருடிட்டு மாட்டுனவருக்கும் இதுதான் நடக்கும். திருடாம மாட்டுனவருக்கும் இதுதான் நடக்கும். மானத்துக்குப் பயந்து வாழ்ந்தவங்களுக்கு இன்னும் கூடுதலாவே நடக்கும். தொழிலாவே திருடுறவன் ஒருவேளை நடுங்காமலும் நிப்பான்.

6/
இந்தத் தப்பான கணக்கு ரொம்பப் பழசு. தண்டுலம்னு ஒரு சோதனை நம்ம பழைய தர்ம சாஸ்திரங்கள்ல இருக்கு. திருட்டுப் பழி வந்தவரை அரிசியை மென்னு துப்பச் சொல்வாங்க. துப்பினதுல ரத்தம் வந்தாலோ, உடம்பு நடுங்கினாலோ குற்றவாளி. பயந்தா யாருக்கும்தான் வாய் உலரும், உடம்பு நடுங்கும். அந்தச் சோதனையில எத்தனை அப்பாவிகள் சிக்கினாங்களோ!

அதோட நவீன வடிவம்தான் பொய் கண்டறியும் கருவி. நாடித்துடிப்பு, மூச்சு, வியர்வையை அளக்கிற மெஷின். ஒருத்தரோட சம்மதம் இல்லாம அந்தச் சோதனையைச் செய்யக்கூடாதுன்னு 2010ல செல்வி வழக்குல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. போலீஸே கட்டாயப்படுத்திச் செய்ய முடியாத சோதனையை, ஜவுளிக்கடை சூப்பர்வைசர் வெறும் கண்ணால செஞ்சு தீர்ப்பும் சொல்றார்.

7/
இப்போ நோயாளிகள் கதைக்கு வருவோம். இன்சுலின் போடுறவங்க, சில வகை சர்க்கரை மாத்திரை எடுக்கிறவங்க நேரத்துக்குச் சாப்பிடலைன்னா சர்க்கரை 70க்குக் கீழ இறங்கலாம். அப்போ என்ன ஆகும்? வேர்க்கும், நடுங்கும், பேச்சு குழறும், கேட்ட கேள்விக்குச் சம்பந்தம் இல்லாம பதில் வரும். கூட்டத்துக்கு அது "திருட்டு முழி". எனக்கு அது எமர்ஜென்சி. அவரை சாப்பாடு இல்லாம ஒரு ரூம்ல அடைச்சு வச்சா மயக்கம், வலிப்பு, அதுக்கு மேலயும் போகலாம்.

8/
இன்னும் இருக்கு.
• பார்கின்சன் நோய்: கை நடுங்கும், முகத்துல உணர்ச்சியே தெரியாது.
• தைராய்டு அதிகமா சுரக்கிறவங்க: நடுக்கம், வியர்வை, கண்ணு துருத்திக்கிட்டு இருக்கலாம்.
• ஒருவகை வலிப்பு: கீழ விழ மாட்டாங்க. சில நிமிஷம் நினைவில்லாம கையில கிடைச்சதை எடுத்துத் தடவிக்கிட்டு இருப்பாங்க.
• மறதி நோயோட ஆரம்பம்: பணம் கட்டினோமா இல்லையான்னே தெரியாது.

இவங்க யாரும் திருடர்கள் இல்ல.

9/
"கையில பொருள் இருந்துச்சே"ன்னு கேட்பீங்க. இங்கிலாந்துல ஒரு வழக்கு. சர்க்கரை நோயும் மன அழுத்தமும் இருந்த ஒரு பெண்மணி, சூப்பர் மார்க்கெட்ல வெண்ணெய், காபித்தூள் உட்பட மூணு பொருளைத் தன் சொந்தப் பையில போட்டுட்டுப் பணம் கட்டாம வந்துட்டாங்க. ஞாபகம் இல்லாம செஞ்சேன்னாங்க. மேல்முறையீட்டுல தண்டனையை ரத்து பண்ணிட்டாங்க. 1972ல வெளியான அந்தத் தீர்ப்பை சட்டம் படிக்கிறவங்க இன்னிக்கும் படிக்கிறாங்க. நம்ம சட்டத்துலயும் நேர்மையற்ற எண்ணம் இருந்தாதான் திருட்டு. மறதி திருட்டு ஆகாது.

10/
அடுத்து அந்த வாசல் மெஷின். "கழட்டாத டேக் ஒண்ணு இந்த வழியாப் போகுது"ன்னு மட்டும்தான் அதுக்குச் சொல்லத் தெரியும். திருட்டா, கவுண்டர்ல கழட்ட மறந்ததா, வேற கடையில வாங்கினதுல ஒட்டியிருந்ததா, அதுக்குத் தெரியாது. கழட்ட வேண்டியது கடை ஊழியரோட வேலை. அவங்க மறதிக்கு வாடிக்கையாளர் ஏன் ஸ்டாக் ரூம்ல உட்காரணும்?

ஒரு மருத்துவக் குறிப்பும்: பேஸ்மேக்கர் வச்சவங்க அந்த வாசலைச் சாதாரணமா நடந்து கடக்கலாம். அதுக்குப் பக்கத்துலயே நிக்கவோ, அதுமேல சாயவோ கூடாது. செக்யூரிட்டி அண்ணன்களே, விசாரிக்கிறதா இருந்தா தள்ளிக் கூட்டிட்டுப் போய் விசாரிங்க.

11/
சட்டம் என்ன சொல்லுது?
• ஒருத்தரை அநியாயமா அடைச்சு வைக்கிறது பிஎன்எஸ் 127ன் கீழ் குற்றம். ஒரு வருஷம் வரை சிறை.
• "கேஸ் போட்டுடுவேன்"னு மிரட்டிப் பணம் பறிக்கிறது பிரிவு 308.
• போட்டோவை சுவத்துல ஒட்டி, வாட்ஸ்அப்ல அனுப்பி "திருடி"ன்னு பரப்பினா பிரிவு 356, அவதூறு.
• தனியார் ஒருத்தரைப் பிடிக்கவே கூடாதுன்னு சட்டம் சொல்லல. பிஎன்எஸ்எஸ் 40ன்படி, பெரிய குற்றம் உங்க கண் முன்னாடி நடந்தா பிடிக்கலாம். ஆனா தாமதிக்காம, அதிகபட்சம் 6 மணி நேரத்துக்குள்ள போலீஸ்ல ஒப்படைக்கணும். விசாரிக்கவோ, அபராதம் போடவோ கடைக்கு அதிகாரம் இல்ல.

12/
இதையும் கவனிங்க. 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளைத் திருடி, முதல் முறையாக் குற்றம் நிரூபணமாகி, பொருளையோ அதோட மதிப்பையோ திருப்பிக் கொடுத்தா, பிஎன்எஸ் 303ன்படி தண்டனை சமூக சேவை. உண்மையிலேயே திருடினவருக்கே நாட்டோட சட்டம் கொடுக்கிறது அவ்வளவுதான். ஒரு கவுனுக்காக, திருடாத ஒரு பாட்டிக்குக் கடை கொடுத்தது ரெண்டு மணி நேரச் சிறையும் ஊர் முன்னாடி மானக்கேடும்.

13/
யாரைப் பிடிக்கிறாங்கன்னும் பாருங்க. எனக்கும் ஒரு தடவை அதே மாதிரி மெஷின் கத்தியிருக்கு. "ஸாரி சார், டேக் எடுக்கல போல"ன்னு சிரிச்சுக்கிட்டே கழட்டிக் கொடுத்தாங்க. கையில கார் சாவி, கழுத்துல ஆஸ்பத்திரி ஐடி கார்டு. அந்த அம்மாகிட்ட வாயல் புடவையும் மஞ்சப்பையும். ஒரே மெஷின், ஒரே சத்தம். மரியாதை மட்டும் ஆளைப் பார்த்து மாறுது. இதைத் தற்செயல்னு என்கிட்ட யாரும் சொல்லாதீங்க.

14/
கடைக்காரங்க பக்கம் நியாயமே இல்லையான்னு கேட்பீங்க. இருக்கு. திருட்டு நடக்குது, நஷ்டம் வருது. பல இடத்துல அந்த நஷ்டத்தை வேலை செய்ற பிள்ளைங்க சம்பளத்துல பிடிக்கிறாங்க. தினமும் வேலை முடிஞ்சு போகும்போது அந்தப் பிள்ளைங்க பையையும் சோதிக்கிறாங்க. அந்தப் பயத்துலதான் அவங்க வாடிக்கையாளர் மேல பாயுறாங்க. என் கோபம் அந்தப் பிள்ளைங்க மேல இல்ல. மரியாதையா விசாரிக்கச் சொல்லிக் கொடுக்காத முதலாளி மேல.

15/
சிலப்பதிகாரத்தை நினைச்சுப் பாருங்க. கோவலனைப் பார்த்த காவலர்களே இவன் கள்வன் மாதிரி தெரியலையேன்னு தயங்கினாங்க. பொற்கொல்லன் பேசிப் பேசி அவங்க வாயை அடைச்சான். யாரும் சிலம்பைச் சோதிக்கல. உள்ளே முத்தா, மாணிக்கமான்னு பார்த்தது கோவலன் வெட்டுப்பட்ட பிறகு. முதல்ல தண்டனை, அப்புறம் சோதனை. நம்ம கடைகள்ல இன்னிக்கும் அதே வரிசைதான். பில்லைப் பார்க்க ஒரு நிமிஷம் ஆகுமா?

16/
முதலாளிகளே, செலவே இல்லாத ஆறு விஷயம்:
• முதல்ல பில்லைக் கேளுங்க. "ஒரு நிமிஷம்மா, டேக் கழட்ட மறந்துட்டோம் போல" இந்த வார்த்தையில ஆரம்பிங்க.
• நிறுத்துறதுக்கு முன்னாடி கேமரா பதிவைப் பாருங்க.
• உடம்பைத் தொடாதீங்க. போனைப் பிடுங்காதீங்க.
• உட்கார நாற்காலி, குடிக்கத் தண்ணி. சாப்பிடணும், மாத்திரை போடணும்னா விடுங்க.
• அப்பவும் சந்தேகமா? போலீஸைக் கூப்பிடுங்க.
• தப்பு உங்களுடையதுன்னா, எந்தக் கூட்டத்து முன்னாடி நிறுத்தினீங்களோ அங்கேயே மன்னிப்புக் கேளுங்க.

17/
உங்களுக்கு நடந்தா?
• ஓடாதீங்க, கை கலக்காதீங்க. "என்ன பொருள்? யார் பார்த்தாங்க?"ன்னு கேளுங்க.
• பில்லைக் கையை விட்டுக் கொடுக்காதீங்க, காட்டுங்க.
• எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க. பணம் கட்டாதீங்க.
• விடலைன்னா 112க்குக் கூப்பிடுங்க.
• "நான் சுகர் பேஷன்ட், சாப்பிடணும்"னு சத்தமாச் சொல்லுங்க.
• கேமரா பதிவை அழிக்காம வைக்கச் சொல்லி அன்னைக்கே எழுதிக் கொடுங்க. பழைய பதிவு மேல புதுசு ஏறிடும்.
• ஸ்டேஷன்ல புகார் கொடுத்து சிஎஸ்ஆர் ரசீது வாங்குங்க. இலவச சட்ட உதவிக்கு 15100, நுகர்வோர் புகாருக்கு 1915.

18/
வேடிக்கை பார்க்கிறவங்களுக்கு: வீடியோ எடுத்து குரூப்ல போடாதீங்க. பக்கத்துல போய் "பில்லைப் பாருங்க சார் முதல்ல"ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. கூட்டத்துல ஒருத்தர் கேட்டாலே தொனி மாறும்.

குடும்பத்துக்கு: "நீ ஏன் அங்க போன?"ன்னு கேட்காதீங்க. தூக்கம் இல்லை, வெளியே வரவே பயப்படுறாங்க, சாப்பாடு இறங்கலைன்னா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. 14416 டெலி மானஸ் எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம், கட்டணம் இல்ல. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல்னா காத்திருக்காதீங்க, 108. கடுமையான மன அதிர்ச்சி இதயத்தையே தற்காலிகமா பலவீனப்படுத்தும். அதிலும் மாதவிடாய் நின்ன பெண்களுக்கு அதிகம்.

19/
அந்த அம்மாவோட பிரஷர் மருந்தை மாத்திக் கொடுத்தேன். அவங்க கேட்ட கேள்விக்குப் பதிலும் சொல்லிட்டேன். ஆனா அந்தக் கேள்வி அவங்களுக்கு வந்ததே தப்பு.

கடை வச்சிருக்கிறவங்க, கடையில வேலை பார்க்கிறவங்க யாராவது உங்க பழக்கத்துல இருந்தா இந்த த்ரெட்டை அவங்களுக்கு அனுப்புங்க. பண்டிகைக் கூட்டம் தொடங்குறதுக்குள்ள 16வது பதிவை மட்டுமாவது பிரின்ட் எடுத்து பில் கவுண்டர்ல ஒட்டச் சொல்லுங்க.