நெப்ராஸ்கா நாவல்களில் வட்டிக் கணக்கு இருக்கிறது

விவசாயத்தைப் பத்தி நல்ல நாவல் ஒண்ணு சொல்லுங்கன்னு பட்டணத்து வாசகர்கள் சில பேர் கேட்டிருக்கீங்க. மண்வாசனையும் மாட்டு மணிச் சத்தமும் வர்ற கதைகள் உங்களுக்கு நிறையவே கிடைக்கும். நான் சொல்லப்போறது அமெரிக்காவுல நெப்ராஸ்கா மாநிலத்துல நடக்கிற ரெண்டு நாவல்கள். எழுதினவர் வில்லா கேத்தர். ஒண்ணு 1913-ல வந்த 'ஓ பயனியர்ஸ்!', இன்னொண்ணு 1918-ல வந்த 'மை அன்டோனியா'. மகள் வாங்கிக் கொடுத்தாள். அகராதியைப் பக்கத்துல வச்சுக்கிட்டு மெதுவாத்தான் படிச்சேன்.

விவசாய நாவலுக்கு என்கிட்ட இருக்கிறது ஒரே அளவுகோல். கடன் கணக்கு இருக்கணும். அது இல்லாம வயலும் வரப்பும் மட்டும் இருந்தா அது காலண்டர் படம்.

1862-ல வந்த சட்டப்படி, 160 ஏக்கர் வரைக்கும் அரசாங்கம் கொடுத்தது. அஞ்சு வருஷம் குடியிருந்து பாடுபட்டா பட்டா. சுவீடன், செக் நாட்டுப் பக்கம், ஜெர்மனின்னு எங்கெங்கோ இருந்து ஜனங்க வந்து இறங்கினாங்க. வீடு கட்ட மரம் கிடையாது. புல்வேரோட மண்ணைக் கட்டிகட்டியா வெட்டி அடுக்கிக் குடியிருந்தாங்க. கேத்தரும் 1883-ல, ஒன்பது வயசுல, அங்க போய்ச் சேர்ந்தவர்தான்.

முதல் நாவல்ல ஜான் பெர்க்சன்னு ஒரு சுவீடன்காரர். முதல் அஞ்சு வருஷம் கடன்ல இறங்கினார், அடுத்த ஆறு வருஷம் கடன்ல இருந்து ஏறினார். பனிப்புயல்ல மாடு போச்சு, பன்றிக்கு நோய் வந்துச்சு, குதிரையைப் பாம்பு கடிச்சுது. கடனெல்லாம் அடைஞ்சு கணக்கு நேராகிற நேரத்துல, நாற்பத்தாறு வயசுல சாகிறார். என் வயசைத் தொட்ட சம்சாரி எவனுக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

சாகும்போது நிலத்து நிர்வாகத்தைப் பையன்கள்கிட்ட கொடுக்கலை, மகள் அலெக்ஸாண்ட்ராகிட்ட கொடுத்தார். பிறகு மழை பொய்ச்சுது. அக்கம்பக்கத்துல வித்துட்டுப் போறாங்க. இவள் இருக்கிறதை அடமானம் வச்சு, போறவங்க நிலத்தை வாங்கச் சொல்றாள். வருஷங்கள் கழிச்சு எல்லாம் செழிப்பானதும், குடும்பச் சொத்து ஆம்பளைகளுக்குத்தான் சேரும்னு தம்பிமார் ரெண்டு பேர் வந்து நிக்கிறாங்க. யோசனை அவளோடது, சொத்து மட்டும் இவங்களோடதாம்! இதைப் படிச்சுட்டு எத்தனையோ பாகப்பிரிவினைப் பஞ்சாயத்து ஞாபகத்துக்கு வந்துச்சு.

ஆனா இந்த நாவல்மேல எனக்கு ஒரு சண்டை இருக்கு. அலெக்ஸாண்ட்ரா பணக்காரியானதுக்கு வெள்ளாமை மட்டும் காரணமில்லை, நில விலை ஏறினதும் காரணம். அவளே ஒரு இடத்துல அப்படித்தான் பேசுறாள். அதே மாதிரி கடன் வாங்கி, விலை ஏறுறதுக்குள்ள வட்டி கட்ட முடியாம நிலத்தை விட்டவன் கதையை யார் எழுதுவாங்க? ஜெயிச்சவளோட தைரியத்தைப் படிச்சுட்டு, கடன் வாங்குறதே தைரியம்னு யாரும் நினைச்சுடக் கூடாது.

அந்தக் குறையைக் கேத்தரே அடுத்த நாவல்ல தீர்த்துட்டார்னு நினைக்கிறேன். அன்டோனியாவோட அப்பா பிடில் வாசிக்கிற மனுஷன். சொந்த ஊர்க்காரன் ஒருத்தனே நிலத்தையும் மண்குழி வீட்டையும் அதிக விலைக்கு அவங்க தலையில கட்டிடறான். முதல் குளிர்காலத்துலேயே அப்பா தன்னைத்தானே சுட்டுக்கிட்டுச் செத்துப்போறார். அப்புறம் பதினஞ்சு வயசுப் பொண்ணு ஏர் பிடிக்கிறாள். பள்ளிக்கூடத்துக்கு வர்றியான்னு கேட்டா நேரமில்லைன்னு வீறாப்பாச் சொல்றாள். சொல்லிட்டு, முகத்தைத் திருப்பிக்கிட்டு அழறாள். ரெண்டு புத்தகத்துலயும் என்னை ரொம்ப நேரம் நிறுத்தின இடம் இதுதான்.

இனி உங்ககிட்ட நேராவே ஒண்ணு சொல்றேன். இந்தக் கதையைச் சொல்றவன் ஜிம் பர்டன். நெப்ராஸ்காவுல வளர்ந்து, படிச்சு, ரயில் கம்பெனி வக்கீலாகி நியூயார்க்ல குடியிருக்கிறவன். அந்தப் புல்வெளியை நினைச்சு உருகுறான். இருபது வருஷம் கழிச்சு வந்து அன்டோனியாவோட பழத்தோட்டத்தையும் பிள்ளைகளையும் பார்த்து நெகிழ்ந்துபோறான். அப்புறம் ரயிலேறிப் போயிடறான். அவன் மனசு பொய்யில்லை. ஆனா அந்தத் தோட்டத்துக்குத் தண்ணி சுமந்தது அவனில்லை. கிராமத்தை நினைச்சு ஏங்குற நீங்க பல பேர் ஜிம் பர்டன்தான். ஏங்குறது தப்பில்லைங்க, அந்த ஏக்கத்தையே விவசாயம்னு நினைச்சுக்கறதுதான் தப்பு.

இன்னொரு கணக்கும் பாக்கி இருக்கு. காலி நிலம்னு சொல்லிக் கொடுத்தாங்களே, அது காலி நிலமில்லை. அங்க வாழ்ந்த பானி இனத்து மக்களை 1870-கள்ல இன்னைக்கு ஓக்லஹோமான்னு சொல்ற பக்கம் போக வச்சுட்டாங்க. 'மை அன்டோனியா'வுல பழங்குடிகள் குதிரை ஓட்டின ஒரு வட்டத் தடம் மட்டும் புல்லுல மங்கலாத் தெரியுது. இத்தனை நுணுக்கமா எழுதின கேத்தர், அந்த மக்களைப் பத்தி அதுக்குமேல பெருசா எதுவும் எழுதலை.

அதுக்காகப் படிக்காம விட வேண்டாம். ரெண்டையும் படிங்க. படிக்கும்போது சூரிய அஸ்தமனத்தை மட்டும் ரசிக்காம, பத்திரம் யார் பேர்ல இருக்கு, வட்டி யார் கட்டுறாங்க, யாரோட படிப்பு நின்னுச்சு, இதுக்கு முன்னாடி அங்க யார் இருந்தாங்கன்னும் கேட்டுக்கிட்டே படிங்க. நம்ம ஊர்க் கதைகளையும் அப்படியே படிக்கலாம்.