அன்னதானச் சமையலுக்குப் பேர் கொடுக்கிறவங்களுக்கு

புரட்டாசிச் சனிக்கிழமை அன்னதானத்துக்குச் சமைக்க வாட்ஸ்அப் குழுவில் பேர் கேட்டோம். வந்த பதில் ரெண்டே வகை. "எனக்கு எல்லாம் வரும், எதுவானாலும் கொடுங்க" என்பது ஒன்று. "ஐயோ, எனக்குச் சமையலே தெரியாதுங்க, தட்டு கழுவ வர்றேன்" என்பது இன்னொன்று. ரெண்டையும் நாங்கள் முழுசா நம்புறதில்லை.

வீட்டுச் சமையல் வேற, மடப்பள்ளி வேற. வீட்டில் நாம எல்லாருமே ருசி பார்த்துத்தான் சமைக்கிறோம். உள்ளங்கையில் ரெண்டு சொட்டு குழம்பு விட்டு நக்கிப் பார்த்து, உப்பு பத்தலைன்னா போடுவோம். பெருமாளுக்குப் படைக்கும் முன்னே அப்படி வாயில் வைக்க முடியாது. மணத்தையும் நிறத்தையும் கொதியையும் வைத்தே கணிக்கணும். வெங்காயம், பூண்டும் கிடையாது. சின்ன வெங்காயத்தாலேயே பேர் வாங்கின சாம்பார், இங்கே பருப்பையும் பெருங்காயத்தையும் நம்பித்தான் நிற்கணும். (எங்களில் பாதிப் பேர் வீட்டுச் சாம்பார் அந்த ரகம்தான்.)

அளவு அடுத்த சங்கதி. 1 கிலோ அரிசி சுமார் 10 பேருக்கு. 300 பேர் என்றால் 30 கிலோ. வீட்டுக் குக்கர் தண்ணிக் கணக்கை அப்படியே பெருக்கினால் சோறு குழைஞ்சிடும். பெரிய அண்டாவில் அந்த விகிதத்துக்குத் தண்ணி வற்றாது. கஞ்சி வடிச்சுப் பழகின கை வேணும். இப்போ நம்மில் எத்தனை பேர் வீட்டில் சோறு வடிக்கிறோம்?

ருசி குறைந்தால்கூட பக்தர்கள் பொறுத்துக்குவாங்க. வயிறு பொறுக்காது. வடிச்ச சோற்றை நம்ம ஊர் வெக்கையில் மணிக்கணக்கா மூடி வைத்தால் அதில் சேரும் ஒரு வகை நஞ்சு, திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது. அதைத்தான் வயசானவங்களும் பிள்ளைகளும் சாப்பிடுறாங்க, மிச்சத்தைத் தாப்பாவ் பண்ணியும் கொண்டுபோறாங்க. 2009 உணவுச் சுகாதார விதிமுறைகளின்படி மலேசிய உணவகங்களில் உணவு கையாள்வோருக்குப் பயிற்சியும் டைபாய்டு தடுப்பூசியும் கட்டாயம். அண்டா முன்னால் நிற்கும் தொண்டரும் அந்தப் பயிற்சிக்குப் போயிட்டு வரணும் என்பது எங்கள் கருத்து.

"சமையலே தெரியாது" என்கிற அக்காமாரே, 30 வருஷமா வீட்டில் எல்லாருக்கும் பசியாறச் செய்றவங்க நீங்க. அது அடக்கமா இருக்கலாம், ஆனா உண்மை இல்லை. கத்தரிக்காயை ஒரே அளவா நறுக்கினால்தான் அண்டாவில் ஒண்ணா வேகும். அந்தக் கை உங்களுக்கு இருக்கு. "சட்டி தூக்க மட்டும் வர்றேன்" என்கிற அண்ணன்மாரே, உங்களில் சிலர் வைக்கிற ரசம் எங்களுக்குத் தெரியும்.

அதனால பேர் கொடுக்கும்போது, இதுவரை அதிகபட்சம் எத்தனை பேருக்குச் சமைச்சிருக்கீங்க, எந்த ஒரு பதார்த்தம் தைரியமா வரும், இந்த ரெண்டை மட்டும் எழுதுங்க. 8 பேருக்கு என்றால் 8 என்றே போடுங்க. யாரும் சிரிக்க மாட்டோம். புதுசா வர்றவங்க முதல் ரெண்டு வாரம் பெரிய கைகளுக்குப் பக்கத்தில் நின்னு பார்க்கலாம். கரண்டி மூணாவது வாரம்.

வெள்ளி இரவுக்குள் பேர் வேணும். காய் நறுக்குறவங்க சனி காலை 5 மணிக்கு வாங்க. கத்தி, பலகை இங்கேயே இருக்கு.