மைனஸ் 18 டிகிரியில் நின்றுபோன ஹீட்டர்... காரணம் ஒரு விரல் நீளப் பொருள்!

போன ஜனவரியில் ஒருநாள் காலை ஏழரை மணிக்கு டொரன்டோவிலிருந்து அக்காவின் வீடியோ கால். அங்கே இரவு ஒன்பது மணி. வெளியே மைனஸ் 18 டிகிரி, வீட்டுக்குள் 15. ஆறு மாதக் குழந்தைக்கு ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டிருந்தாள்.

"ஃபர்னஸ் ஓடலைடி. ஒரு கம்பெனிக்கு போன் பண்ணினா, நேர்ல வந்து பார்க்காமலே 'பழசாயிடுச்சு, மொத்தமா மாத்திடுங்க'ன்னு சொல்றாங்க" என்றாள், அழாத குறையாக.

கனடா, அமெரிக்க வீடுகளில் ஃபர்னஸ் என்பது பெரும்பாலும் பேஸ்மென்ட்டில் நிற்கும் பீரோ மாதிரியான மெஷின். கேஸை எரித்து, அந்தச் சூட்டில் காற்றை வெப்பமாக்கி எல்லா அறைகளுக்கும் அனுப்பும். அதில் கேஸைப் பற்றவைப்பது 'ஹாட் சர்ஃபேஸ் இக்னைட்டர்'. சிலிக்கான் கார்பைடு அல்லது சிலிக்கான் நைட்ரைடால் ஆன சின்னத் துண்டு அது. மின்சாரம் பாய்ந்ததும் ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடாகித் தகதகவென்று ஒளிரும். தினமும் பலமுறை சூடாகி ஆறுவதால், சில வருடங்களில் விரிசல் விடுவது சகஜம்.

அத்தான் எலெக்ட்ரிக்கல் இன்ஜினீயர். கேமராவை ஃபர்னஸ் பக்கம் திருப்பிவிட்டு, "வரிசையைக் கவனி" என்றார். முதலில் புகையை வெளியேற்றும் சின்ன ஃபேன் ஓட வேண்டும். அடுத்து இக்னைட்டர் ஒளிர வேண்டும். பிறகு கேஸ் திறந்து தீ பிடிக்கும். கடைசியாகப் பெரிய ஃபேன். அக்கா வீட்டில் சின்ன ஃபேன் ஓடியது, ஆனால் இக்னைட்டர் ஒளிரவே இல்லை. தீ பிடித்துச் சில நொடிகளில் அணைந்தால் சந்தேகம் ஃப்ளேம் சென்சார் மேல் போகும். இங்கே தீயே வரவில்லை.

ஃபர்னஸின் மின் இணைப்பையும் கேஸ் வால்வையும் அணைத்தார். சூடு ஆறியதும் இக்னைட்டரின் பிளக்கை மட்டும் கழற்றி, மல்ட்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து, இரண்டு முனைகளையும் தொட்டுப் பார்த்தார். சிலிக்கான் கார்பைடு வகை நல்ல நிலையில் இருந்தால் பொதுவாக 40 முதல் 90 ஓம் காட்டும். நைட்ரைடு வகைக்கு அளவு மாடலுக்கு மாடல் மாறும், தயாரிப்பாளரின் கையேட்டைப் பார்க்க வேண்டும். அத்தானின் மீட்டர் 'ஓ.எல்.' என்றது. உள்ளே இணைப்பு அறுந்துவிட்டது என்று அர்த்தம். டார்ச் அடித்தால் மயிரிழை போல ஒரு விரிசல்!

"அதுவரைக்கும் கேஸ் அடுப்பைப் பத்தவெச்சு ஹால்ல உட்காரலாமா?" என்றாள் அக்கா. "வேண்டவே வேண்டாம்!" என்றார் அத்தான். மூடிய வீட்டில் அப்படி எரித்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனையே கிடையாது. உயிருக்கே ஆபத்து. ஓர் அறையில் மட்டும் எலெக்ட்ரிக் ஹீட்டரைப் போட்டு, மூவரும் அங்கேயே படுத்தார்கள்.

மறுநாள் காலை சான்றிதழ் பெற்ற கேஸ் டெக்னீஷியன் வந்தார். ஃபர்னஸ் கதவின் உள்பக்கம் இருந்த மாடல் எண்ணை அத்தான் இரவே அனுப்பியிருந்ததால், சரியான இக்னைட்டர் அவர் கையிலேயே இருந்தது. பீங்கான் அடிப்பாகத்தைப் பிடித்துதான் மாட்டினார். ஒளிரும் பகுதியில் விரல் படக் கூடாதாம். கை எண்ணெய் ஒட்டினால் அந்த இடம் சீக்கிரம் பழுதாகலாம், ஸ்க்ரூவை இறுக்கித் திருகினால் உடையலாம் என்றார். மாட்டிய பிறகு இரண்டு மூன்று முறை ஓடவிட்டுப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார். வேலை அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

உங்கள் பிள்ளைகள் அங்கே இருந்தால் மூன்று விஷயம் சொல்லிவையுங்கள். மாடல் எண்ணை இப்போதே போட்டோ எடுத்து வைக்கட்டும். கார்பன் மோனாக்சைடு அலாரம் வேலை செய்கிறதா என்று பார்க்கட்டும். கேஸ் வாசனை வந்தால் சுவிட்ச் எதையும் தொடாமல் வெளியே வந்து, அங்கிருந்து கேஸ் கம்பெனியின் அவசர எண்ணுக்கு போன் செய்யட்டும்.

'மொத்தமா மாத்துங்க' என்று யாராவது போனில் சொன்னால், "முதல்ல இக்னைட்டரைப் பார்த்தீங்களா?" என்று கேட்கட்டும். அக்காவின் அதே 'பழைய' ஃபர்னஸ் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது!