குளியலறையும் ஆலையே

இரவு ஷிப்டு முடிந்து, கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, விடுதிப் படியேறி, கதவைத் தாழிட்டுக்கொண்டு குளிக்கப் போகும் பெண் அந்தக் கணத்தில் தொழிலாளியா, அல்லவா என்று சட்ட பண்டிதர்கள் சாவகாசமாக விவாதிக்கலாம். ஆனால் 2025 நவம்பர் முதல் வாரத்தில், கிருஷ்ணகிரி மாவட்டம் நாகமங்கலத்தை அடுத்த லாலிக்கல்லில், மின்னணு ஆலைப் பெண்களுக்கான விடுதியின் குளியலறையில் ரகசியக் காமிரா இருந்தது தெரியவந்து, ஆயிரக்கணக்கானோர் இரவில் திரண்டு நின்றபோது, அவர்கள் தங்கள் விடையைச் சொல்லிவிட்டார்கள்.

உடன் தங்கியிருந்த பெண் ஒருத்தியும் வெளியூர் ஆடவர் ஒருவரும் கைதானார்கள். கைதோடு விஷயம் போலீசாருடையதாகிவிட்டது, நிர்வாகத்தின் பொறுப்பு தீர்ந்தது என்று எண்ணுவதைத்தான் நான் ஆட்சேபிக்கிறேன். பணியிடப் பாலியல் தொல்லையைத் தடுக்க 1997-இல் விசாகா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிகளிலிருந்து பிறந்த 2013-ஆம் ஆண்டுச் சட்டம், பத்துப் பேருக்குக் குறையாத ஸ்தாபனம் ஒவ்வொன்றிலும் மூத்த பெண் ஊழியர் ஒருவர் தலைமையில், வெளியார் ஒருவரும் அங்கம் வகிக்கும் உள்ளகக் குழு வேண்டும் என்கிறது. வேலையின் நிமித்தம் செல்லும் இடத்தையும், முதலாளி ஏற்பாடு செய்த வாகனத்தையும்கூடப் பணியிடமாகவே கருதுகிறது. பஸ் பணியிடமானால், அந்த பஸ் கொண்டுபோய் இறக்கிவிடும் விடுதி மட்டும் எப்படி அந்நியமாகும்?

குழு இருந்தாலும் அதனிடம் எந்தப் பாஷையில் முறையிடுவது? தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் புழங்கும் இந்த ஓசூர் வட்டாரத்தில் இன்று ஒடியாவும் இந்தியும் கலந்துவிட்டன. டீக்கடைக்காரர்கூட நாலு பாஷையில் கணக்குச் சொல்லிவிடுகிறார், அறிவிப்புப் பலகைகளுக்குத்தான் அந்த சாமர்த்தியம் வாய்க்கவில்லை. சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் எழுத்தில் வரவேண்டும் என்பது விதி. ஊரை விட்டு வந்து, யாரிடம் போவதென்றே அறியாத இருபது வயதுப் பெண்ணுக்கு அந்த மூன்று மாதம் மௌனத்திலேயே கழிந்துவிடும்.

இந்த மௌனத்தைக் கலைக்க ஒரு முன்மாதிரி உண்டு. திண்டுக்கல் ஆடை ஆலையொன்றில் 2021-இல் இளம் தொழிலாளி ஒருத்தி கொல்லப்பட்ட பிறகு, தொழிற்சங்கமும் நிர்வாகமும் அந்நிய ஆடை நிறுவனமும் 2022-இல் செய்துகொண்ட உடன்படிக்கை, தொழிலாளிப் பெண்களிலிருந்தே கண்காணிப்பாளர்களைத் தேர்ந்து பயிற்சி அளித்தது. அந்த ஏற்பாட்டை விடுதிக்கும் கொண்டுவரலாம்: மாடிக்கு ஒருத்தியாக விடுதிப் பெண்களே தேர்ந்தெடுக்கட்டும், குழுவின் வெளியார் உறுப்பினர் வார விடுமுறையன்று, மொழி தெரிந்தவரை அழைத்துக்கொண்டு, அங்கேயே வந்து உட்காரட்டும், அந்நேரம் வார்டன் மட்டும் அறையில் இருக்க வேண்டாம்.