தையல் மெஷின் போதும், ஒரு லேத் தாருங்கள்

மலையகத்தில் "இளைஞர் அபிவிருத்தி" என்று ஒரு கூட்டம் போட்டால் மேடையில் என்ன இருக்கும் என்று நமக்கு முன்கூட்டியே தெரியும். பொம்பளப் பிள்ளைகளுக்குத் தையல் மெஷின். பையன்களுக்குக் கிரிக்கெட் பேட்டும் வொலிபோலும். தேர்தல் கிட்ட வந்தால் எண்ணிக்கை கொஞ்சம் கூடும். தையல் மெஷினைக் குறை சொல்ல நான் வரவில்லை. அதை மிதித்தே பிள்ளைகளைப் படிக்க வைத்த அம்மாமார் நம் லயங்களில் எத்தனையோ பேர். என் கேள்வி வேறு. அந்த மேடைக்கு ஒரு நாளாவது ஒரு லேத் மெஷின் வந்திருக்கிறதா? ஏன் வருவதில்லை?

ஹட்டன், நுவரெலியா பக்கத்துப் பாடசாலைகளிலும் இளைஞர் நிலையங்களிலும், மேசையில் வைக்கக்கூடிய சின்ன லேத் ஒன்று இருக்க வேண்டும் என்பது என் கருத்து. உலோகம் கடையும் அடிப்படை வேலையை ஆண், பெண் எல்லாரும் அதில் பழக வேண்டும். "படிப்பு ஏறாத பிள்ளைகளுக்கு" என்று ஒதுக்கி வைத்த பயிற்சியாக அது இருக்கக் கூடாது. ஏ.எல். எடுத்தவர்களுக்கும் கெம்பஸ் போகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கலைப்பீடத்துக்காரிக்கு இரும்போட என்ன வேலை என்று கேட்பீர்கள். போன விடுமுறையில் சொந்தக்காரர் ஒருவருடைய பட்டறையில் சில வாரம் சின்ன லேத் ஒன்றில் நின்று பழகினேன். வரலாறும் அரசியலும் படிக்கிறவர்களுக்குத்தான் இது முதலில் விளங்க வேண்டும் என்று அங்கேதான் எனக்குப் பட்டது.

லேத் தெரியாதவர்களுக்கு: குயவர் சக்கரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே மண் சுற்றும், கை உருவம் கொடுக்கும். லேத்தில் இரும்போ பித்தளையோ சுற்றும், கூரான டூல் ஒன்று அதைச் சீவும். தமிழில் இதற்குக் கடைச்சல் என்று பழைய பெயரே இருக்கிறது. அம்பாசமுத்திரத்தில் மரச் சொப்புச் சாமான் செய்கிறவர்கள் தங்கள் தொழிலைக் கடைசல் வேலை என்றுதான் சொல்கிறார்கள். உலோகத்தில் ஒரே அளவான திருகாணியைத் திரும்பத் திரும்ப வெட்டும் லேத்தை 1800 வாக்கில் லண்டனில் ஹென்றி மோட்ஸ்லே நிலைப்படுத்தினார். அதற்குப் பிறகு வந்த இயந்திரங்கள் எல்லாவற்றுக்கும் ஏதோ ஒரு லேத் தாயாக இருந்திருக்கிறது. நான் சொல்கிற மேசை லேத் ஏறக்குறைய 40 கிலோ. இரண்டு பேர் தூக்கி வைக்கலாம். 180 மில்லிமீட்டர் விட்டம் வரை சுற்றும், 300 மில்லிமீட்டர் நீளம் வரை பிடிக்கும். வீட்டு மின்சாரமே போதும். உடுப்பு அயன் பண்ணும் மெஷின் இழுப்பதைவிடக் குறைவாகத்தான் அதன் மோட்டார் இழுக்கும். விலை ஓர் ஓட்டோவின் விலையில் சின்னப் பங்கு.

இனி நம்ம கதைக்கு வருவோம். தோட்டம் என்றால் மலை, கொழுந்து, கூடை என்றுதான் படம் எடுக்கிறார்கள், பாட்டும் எழுதுகிறார்கள். ஆனால் தோட்டத்தின் நடுவில் எப்போதும் ஒரு ஸ்டோர் நின்றது. ஸ்டோர் முழுக்க இயந்திரம். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். 1872இல் அங்கேயே கொழுந்து உருட்டும் இயந்திரம் ஓடியது. வில்லியம் ஜக்சனின் ரோலர்களும், பெல்பாஸ்டில் சாமுவேல் டேவிட்சன் செய்த சிரோக்கோ உலர்த்திகளும் பிறகு வந்தன. அதற்கும் முன்னாலேயே, கோப்பிக் காலத்தில், 1854இல் ஜோன் வோக்கர் கண்டியில் பொறியியல் பட்டறை தொடங்கிவிட்டார். பெருந்தோட்டம் வந்த இடமெல்லாம் பட்டறையும் கூடவே வந்தது. கொழுந்தை ஒரு நாள் தாமதமாகப் பறிக்கலாம், ரோலரின் தண்டு உடைந்தால் ஸ்டோரே நின்றுவிடும்.

அந்த இயந்திரத்தோடு நமக்கு இருந்த உறவு என்ன? ரோதை முனி. ஸ்டோருக்குள் சுற்றுகிற ரோதைக்கு ஒரு முனி இருக்கிறது என்று நம்பி, அது கை கால் கேட்காமல் இருக்கப் பூசை வைத்தார்கள் நம் ஆட்கள். இதைக் கேலி செய்ய மாட்டேன். பட்டியில் கை மாட்டினால் என்ன ஆகும் என்று கண்ணால் பார்த்தவர்களின் சாமி அது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ரோதைக்குச் சாமி கும்பிடும் உரிமை நமக்கு இருந்தது. ரோதையைக் கழற்றி, தேய்ந்த புஷ்ஷை அளந்து, புதிதாகக் கடைந்து போடும் படிப்பு நமக்கென்று ஒழுங்காக யாரும் வைக்கவில்லை. ஸ்டோரில் நின்ற சிலர் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டார்கள். சத்தத்தைக் கேட்டே எந்த பேரிங் போகப்போகிறது என்று சொல்கிற தாத்தாமார் இருந்தார்கள். அந்த அறிவுக்குச் சான்றிதழும் இல்லை, எழுத்தும் இல்லை. அவர்களோடேயே போய்விட்டது.

இன்றைக்கு அந்தப் பழைய இயந்திரங்களைப் பார்க்க வேண்டுமா? ஹந்தானையில் 1925இல் கட்டிய தேயிலைத் தொழிற்சாலை இப்போது அருங்காட்சியகம். கந்தப்பளையில் ஹெதர்செட் தோட்டத்து ஸ்டோர் 1996இல் ஹோட்டல் ஆனது. பழைய இயந்திரங்களைத் துடைத்து மினுக்கி, வருகிறவர்கள் பார்க்க வைத்திருக்கிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த இரும்பு நமக்குக் காட்சிப் பொருளாகும்முன் பாடப் பொருளாக ஆகியிருக்க வேண்டும்.

சரி, லேத்தில் அப்படி என்னதான் கற்கிறோம்?

முதல் பாடம் கடைவது கிடையாது, உங்களைச் சரி பண்ணிக்கொள்வது. முடியைக் கட்டு. ஷோலைக் கழற்று. வளையல், மோதிரம் எல்லாம் வெளியே. கையுறை போடவே கூடாது. சுற்றுகிற பொருள் கையுறையைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுத்துவிடும். சக்கை இறுக்கும் சாவியை சக்கிலேயே விட்டுவிட்டு மோட்டாரைப் போடக் கூடாது. போட்டால் அது தோட்டா மாதிரி பறக்கும். வருகிற உலோகச் சுருளைக் கையால் இழுக்கக் கூடாது, கொக்கி வைத்து இழுக்க வேண்டும்.

அடுத்தது வேகம். 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள மெல்லுருக்குக் கம்பியை எவ்வளவு வேகத்தில் சுற்றுவது? அதிவேக உருக்கு டூலுக்கு மெல்லுருக்கு என்றால் நிமிடத்துக்கு 25 மீட்டர் அளவு வெட்டலாம். கம்பி ஒரு முறை சுற்றினால் டூலைக் கடக்கும் தூரம் 25 தர 3.14, அதாவது 78.5 மில்லிமீட்டர். 25,000ஐ அதால் வகுத்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 320 சுற்று. ஓ.எல். கணக்குத்தான். ஓ.எல்.லில் இது எதற்கு என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. லேத் சொன்னது.

பிறகு முகத்தைத் தட்டையாக்குவது. டூலின் நுனி மையத்துக்கு ஒரு மயிரளவு கீழே நின்றாலும் நடுவில் சின்னக் குமிழ் ஒன்று மிஞ்சும். டூலை உயர்த்திச் சரிசெய்தால் போய்விடும். பிறகு விட்டத்தைக் குறைப்பது. டூலை 0.1 மில்லிமீட்டர் உள்ளே தள்ளினால் விட்டத்தில் 0.2 குறையும், ஏனென்றால் சுற்றுகிற பொருளின் இரண்டு பக்கமும் சீவப்படுகிறது. கைப்பிடியின் திருகில் எப்போதும் கொஞ்சம் தளர்வு இருக்கும். அதனால் அளவைத் தாண்டிவிட்டால் கொஞ்சம் மட்டும் பின்னால் திருப்பினால் சரிவராது. நன்றாகப் பின்னுக்குப் போய், மறுபடி ஒரே திசையில் முன்னுக்கு வர வேண்டும். விஞ்ஞானப் பிரிவு நண்பர்கள் நுண்மானித் திருகுக் கணிச்சியின் இழிவெண்ணிக்கை 0.01 மில்லிமீட்டர் என்று மனப்பாடம் பண்ணிப் பரீட்சை எழுதினார்கள். அந்த 0.01 எவ்வளவு என்று விரலுக்குத் தெரிவது லேத் பக்கத்தில்தான். ஒரு தண்டு புஷ்ஷுக்குள் வழுக்கிப் போவதும் போகாமல் நிற்பதும் அந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

எனக்கு இதில் பெரிய விஷயம் அளவுதான். நம் தோட்ட வாழ்க்கையில் அளவு எப்போதும் வேறொருவர் கையில் இருந்தது. என் அம்மா பறித்த கொழுந்தை நிறுத்தது வேறொருவர். தண்ணீருக்கும் சாக்குக்கும் எத்தனை கிலோ கழிப்பது என்று தீர்மானித்ததும் வேறொருவர். ஒரு நாள் பேருக்கு எத்தனை கிலோ என்று நிர்ணயித்தது வேறொருவர். செக்ரோலில் எழுதியதும் வேறொருவர். ஆயிரம் ரூபா சம்பளத்துக்கு வருஷக் கணக்காகக் கத்தி, 2021இல்தான் கிடைத்தது. அதிலும் எத்தனை கிலோவுக்கு ஆயிரம் என்ற சண்டை உடனே தொடங்கியது. லேத்தில் நிற்கிறவர் தானே வெட்டுகிறார், தானே அளக்கிறார். வேர்னியர் அவர் கையில் இருக்கிறது. 12.00 என்றால் 12.00. துரை வந்தாலும் அதை 11.50 ஆக்க ஏலாது. தான் செய்ததன் தரத்தைத் தானே நிரூபிக்கக்கூடிய வேலை எப்படி இருக்கும் என்று நம் பிள்ளைகள் ஒரு முறையாவது அனுபவிக்க வேண்டும்.

இதற்கு வரக்கூடிய எதிர்ப்புகள் எனக்குத் தெரியும்.

"இருநூறு வருஷமா கைவேலை செஞ்சது போதாதா? பிள்ளைகள் டீச்சராகணும், ஒப்பீஸ்ல இருக்கணும்." இந்தக் கோபத்தை மதிக்கிறேன். 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தவர்கள் எதற்காக நடந்தார்கள் என்று நமக்குத் தெரியும். ஆனால் கைவேலை கேவலம் என்ற எண்ணத்தை நமக்குப் பழக்கியதே தோட்டத்து ஏணிதான். மேலே இருப்பவர் பேனா பிடிப்பார், கீழே இருப்பவர் கத்தி பிடிப்பார். எல்லாரும் பேனாவுக்கு ஏற ஆசைப்படுகிறோம், ஏணி அப்படியே நிற்கிறது. கணக்கும் கையும் ஒன்றாக ஓடுகிற வேலைக்கு அந்த ஏணியில் இடமே இல்லை. பட்டம் வாங்கிவிட்டு நியமனத்துக்காக வருஷக் கணக்கில் காத்திருக்கும் அக்காமாரையும் அண்ணன்மாரையும் பார்த்தபிறகும் பேனா மட்டும்தான் மரியாதை என்று சொல்ல என்னால் ஏலாது.

"இப்ப எல்லாம் கொம்பியூட்டர் லேத், இது பழைய காலத்து சாமான்." உண்மைதான், பெரிய தொழிற்சாலைகளில் கணினிதான் கடைகிறது. ஆனால் அந்தக் கணினிக்கு வேகத்தையும் வெட்டின் ஆழத்தையும் சொல்கிறவருக்கு உலோகம் எப்படி நடந்துகொள்ளும் என்று தெரிய வேண்டும். அதைக் கற்கும் இடம் கைலேத்.

"வேலை எங்க இருக்கு?" சுற்றிப் பாருங்கள். நுவரெலியா மரக்கறித் தோட்டங்களின் தண்ணீர்ப் பம்புகள், மருந்தடிக்கும் மெஷின்கள், ஓட்டோக்கள், மோட்டார் சைக்கிள்கள். எல்லாவற்றிலும் புஷ் தேய்கிறது, தண்டு தேய்கிறது. பழைய ஸ்டோர் மெஷின்களில் இருப்பது ஆங்கிலேயர் காலத்து விட்வர்த் மரை, 55 பாகைக் கோணம். இன்று கடையில் வாங்கும் மெட்ரிக் போல்ட் 60 பாகை. ஒன்றுக்குள் ஒன்று போகாது. அப்படி ஒரு போல்ட் வேண்டும் என்றால் யாராவது கடைந்துதான் கொடுக்க வேண்டும். மேசை லேத்தில் ரோலரின் பெரிய தண்டைக் கடைய முடியாது, அதை மறைக்கவில்லை. சின்ன உருப்படிகளுக்கும் பழகுவதற்கும்தான் அது. அதில் பழகிய கை பெரிய லேத்திலும் திகைக்காது.

கோயம்புத்தூரைப் பாருங்கள். 1926இல் பி.எஸ்.ஜி. அறக்கட்டளை அங்கே ஒரு தொழிற்கூடம் தொடங்கியது. பள்ளிப் படிப்பை முடிக்காத ஜி.டி. நாயுடு 1937இல் மின்மோட்டார் செய்ய முன்னின்றார். அவர் கற்றது வகுப்பறையில் இல்லை, இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டி. இன்று தமிழ்நாட்டு வயல்களில் ஓடும் பம்புகளுக்குப் பின்னால் அந்த ஊரின் லேத் பட்டறைகள் இருக்கின்றன. பஞ்சு ஆலைகள் நிறைந்த ஊர், பஞ்சோடு நிற்காமல் இயந்திரத்தையும் கற்றது. நாம் தேயிலையோடு நின்றுவிட்டோம், நிறுத்தியும் வைக்கப்பட்டோம்.

நாட்டில் வழியே இல்லை என்று சொல்ல முடியாது. 2013இல் ஏ.எல்.லுக்குத் தொழினுட்பப் பிரிவு வந்தது. என்.வீ.கியூ. தகைமை ஏழு மட்டம் வரை, பட்டம் வரைக்கும், போகிறது. ஆனால் தோட்டத்துப் பிள்ளை அந்த வாசலுக்குப் போக நகரத்துக்குப் பஸ் ஏற வேண்டும், தமிழில் சொல்லித்தரும் போதனாசிரியர் கிடைக்க வேண்டும், "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இந்த இரும்பு வேல" என்ற கேள்வியைத் தாண்ட வேண்டும். கடைசிக் கேள்விக்கு என் பதில்: 0.01 மில்லிமீட்டருக்கு உடல் பலம் தேவையில்லை, பொறுமையும் கண்ணும் போதும். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பார்த்துப் பறிக்கிற கைகளிடம் அந்த இரண்டும் இல்லை என்று யார் சொல்வது?

ஆகவே அடுத்த முறை யாராவது நம் தோட்டத்துக்கு வந்து "இளைஞர்களுக்கு என்ன வேணும்" என்று கேட்டால், சங்கத்திலும் மன்றத்திலும் இருக்கிற நாம் பட்டியலில் இதை எழுதுவோம்: மேசை லேத் ஒன்று, வேர்னியர் நாலு, கண்ணுக்குப் போடும் பாதுகாப்புக் கண்ணாடி பத்து, தமிழில் சொல்லித்தரும் ஒருவருக்கு ஒரு வருஷச் சம்பளம். பெயர் பதிவதில் பாதி பெண் பிள்ளைகளாக இருக்க வேண்டும் என்றும் கீழே எழுதுவோம்.