குறைவாக ஓடினால்தான் குழந்தைக்குக் கொண்டாட்டம்

நியூசிலாந்தில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கோடைக்காலம். அந்த மாதங்களில் தென் தீவின் நெடுஞ்சாலைகளில், படுக்கையும் அடுப்பும் கொண்ட கேம்பர் வேன்கள் அடுத்தடுத்து வந்துகொண்டே இருக்கும். அங்கே குடியேறிய பிள்ளைகளைப் பார்க்கப் போகும் தமிழ்ப் பெற்றோருக்கும், பேரக் குழந்தைகளோடு இப்படி ஒரு சுற்று போய்வரலாமே என்ற ஆசை எழுவது இயல்பு. விளம்பரங்கள் பனிமலையையும் நீல ஏரியையும் காட்டி அழைக்கின்றன. மூன்று வயதுக் குழந்தைக்கோ மலை பெரிதல்ல. கரையில் கிடக்கும் கூழாங்கல்தான் பெரிது. ஊர் மாறினாலும் குழந்தையின் அன்றாடம் மாறாமல் இருக்கிறதே, அதுதான் இந்தப் பயணத்தின் உண்மையான இன்பம் என்பது என் கருத்து. இதைப் புரிந்துகொண்டால் பயணத்தைத் திட்டமிடும் முறையே மாறிவிடும்.

விடுதி விடுதியாகத் தங்கிச் செல்லும் பயணத்தில் குழந்தைக்கு ஒவ்வோர் இரவும் புது அறை, புதுக் கட்டில், புது வாடை. சிறு பிள்ளைகளுக்குத் தூக்கம் பழக்கத்தால் வருவது. குளியல், சாப்பாடு, கதை, விளக்கணைப்பு என்ற வரிசை கலைந்தால் தூக்கமும் கலைகிறது. வேனில் அதே மெத்தை, அதே போர்வை, அதே வாணலி உடன் வருகின்றன. பதினோரு மணிக்குப் பசித்தால் ஏரிக்கரையில் நிறுத்திச் சோறு பிசைந்து ஊட்டலாம். ஓட்டல் திறக்கும்வரை அழவிட வேண்டியதில்லை. அந்நாட்டுச் சட்டமும் இதற்குத் துணை நிற்கிறது. 2011-இன் திறந்தவெளி முகாம் சட்டத்தில் 2023-இல் வந்த திருத்தத்தின்படி, 'தன்னிறைவு வண்டி' என்ற சான்று பெற வேண்டுமானால் நிலையாகப் பொருத்திய கழிப்பறை இருக்க வேண்டும். படுக்கையை விரித்த பிறகும் அதைப் பயன்படுத்த முடிய வேண்டும். நடுராத்திரியில் எழுப்பும் குழந்தையை வைத்திருப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இடம் சிறியதாக இருப்பதால் வேலைகளும் குழந்தையின் அளவுக்கு இறங்கி வருகின்றன. கரண்டிகளை எண்ணி வைப்பது, குழாயடியில் தண்ணீர் பிடிப்பது, பாயை உதறுவது எல்லாம் குழந்தை உண்மையாகவே செய்யக்கூடிய வேலைகள். வீட்டில் அவசரத்தில் பெற்றோரே செய்து முடித்துவிடும் வேலைகள் இங்கே பிள்ளைகளின் கைக்குப் போகின்றன. தன் உதவி தேவைப்படுகிறது என்று உணரும் குழந்தையின் பெருமிதத்தை எந்த விளையாட்டுப் பூங்காவும் தராது.

ஆனால் இந்த இன்பத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு: வண்டி குறைவாக ஓட வேண்டும். ஓடும் வேன் வீடல்ல. ஏழு வயதுக்குட்பட்ட குழந்தையை அங்கீகரிக்கப்பட்ட பாதுகாப்பு இருக்கையில் கட்டித்தான் கூட்டிச் செல்ல வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். வண்டி நகரும்போது மடியில் வைத்துத் தாலாட்ட முடியாது. அதனால் முன்னோக்கிய இருக்கையில் குழந்தை இருக்கையைச் சரியாகப் பொருத்த முடியுமா என்பதை வாடகைக்கு எடுக்கும் முன்பே உறுதிசெய்துகொள்ள வேண்டும். 3,500 கிலோவுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு வேக வரம்பு 90 கிலோமீட்டர். கைபேசி வரைபடம் காட்டும் நேரம் காருக்கானது. மலைச்சாலையில் வேனுக்கு அது போதாது. கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து டெக்கப்போ ஏரி சுமார் 225 கிலோமீட்டர்தான். பெரியவர்கள் அரைநாளில் கடக்கும் அந்தத் தூரம், இடையில் ஜெரால்டைன், ஃபேர்லி போன்ற சிற்றூர்களில் இறங்கி விளையாடிச் செல்லும் குழந்தைக்கு ஒரு முழு நாள். அப்படிப் போய் ஓரிடத்தில் இரண்டு மூன்று இரவுகள் தங்குவதே நல்லது. இயற்கைப் பாதுகாப்புத் துறையே 200-க்கும் மேற்பட்ட முகாம் இடங்களை நடத்துவதால், அவசரப்பட்டு நகர வேண்டிய கட்டாயமும் இல்லை.

இதற்கு மறுப்புகள் உண்டு, அவை நியாயமானவையும்கூட. முதலாவது செலவு. கோடையில் வாடகை உச்சத்தில் இருக்கும். டீசலையும் முகாம் கட்டணத்தையும் சேர்த்தால், கார் எடுத்து எளிய விடுதிகளில் தங்குவதைவிட இது மலிவு என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆகவே பணம் மிச்சமாகும் என்று நம்பி யாரும் கிளம்ப வேண்டாம். இரண்டாவது மழையும் நெருக்கடியும். தென் தீவின் மேற்குக் கரையோரம் உள்ள மில்ஃபோர்ட் சவுண்டில் ஆண்டுக்கு 6,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை கொட்டுகிறது. சென்னையின் மழையைப் போல் நான்கு மடங்கு. மேற்குக் கரையில் கடிக்கும் சிறு ஈக்களும் ஏராளம். இரண்டு நாள் அடைமழையில் வேனுக்குள் எல்லாருடைய பொறுமையும் தேயத்தான் செய்யும். இதை மறைப்பது நேர்மையல்ல. சிறு குழந்தைகள் இருந்தால் அந்தப் பகுதியை விட்டுவிட்டு, மழை குறைந்த கிழக்குப் பக்கமே சுற்றலாம். அப்படிச் செய்வதால் இழப்பு ஒன்றுமில்லை.

மூன்றாவது மறுப்புதான் ஆழமானது: எப்படியும் குழந்தைக்கு நினைவிருக்காதே, பிறகு எதற்கு? மூன்று வயதுக்கு முந்தைய நிகழ்வுகள் பெரும்பாலும் பெரியவர்களின் நினைவில் தங்குவதில்லை என்பது உளவியல் ஒப்புக்கொண்ட உண்மை. ஆனால் நினைவில் நிற்காதது வீண் என்றால், தாய் பாடும் தாலாட்டும் வீண்தான். குழந்தைக்கு இன்றைய நாள் இன்றே முழுமையானது. அலுவலகமும் திரையும் பங்குபோட்டுக்கொண்ட பெற்றோர் நாள் முழுதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் சில நாட்கள், பின்னாளில் நினைவுக்கு வந்தால்தான் மதிப்பு என்றில்லை. அந்த நாட்களை நினைவில் வைத்திருக்கப் பெற்றோர் இருக்கிறார்கள். எனவே சிறு பிள்ளைகளோடு வேன் எடுப்பவர்கள் பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலை முதலில் பாதியாகக் குறைக்கட்டும். மிச்சமாகும் நேரம் குழந்தைக்கு உரியது; அதைக் கொடுப்பதற்குத்தான் இந்தப் பயணமே.